வீட்டு எக்சர்சைஸ் சைக்கிள்: பொருத்துவது எப்படி, அடிபடாமல் ஓட்டுவது எப்படி

உடற்பயிற்சிக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீட்டு சைக்கிளுக்காக என்னைக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "பெடல் கழண்டு கழண்டு வருது." "டக் டக்னு சத்தம் கேட்குது." "உட்கார்ந்தா ஆடுது." "முட்டி வலிக்குது." போய்ப் பார்த்தால், ஓட்டித் தேய்ந்ததால் வந்த கோளாறு குறைவாகவே இருக்கும். முதல் நாள் அவசரத்தில் அரைகுறையாக முடுக்கியது, அல்லது சீட்டை ஆளுக்கேற்ப வைக்காதது, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் காரணம் இருக்கும். பெட்டி வந்த அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் செலவழித்தால் என்னைப் போன்ற ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே பாதியாகிவிடும்.

கீழே சொல்வது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வகைக்கும், கனமான சக்கரத்தோடு வரும் ஸ்பின் பைக்குக்கும் பொருந்தும். முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி ஓட்டும் வகையிலும் பெடல், போல்ட் விஷயமெல்லாம் இதேதான். அதில் சீட் மேலே ஏறுவதற்குப் பதில் முன்னும் பின்னும் நகரும்.

இடம் முதலில்

சைக்கிள் எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே பெட்டியைப் பிரியுங்கள். ஹாலில் பொருத்திவிட்டு அறைக்குள் கொண்டுபோகப் பார்த்து, வாசல் நிலையில் ஹேண்டில்பார் இடித்து, மறுபடி கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறி இறங்கும் பக்கத்தில் குறைந்தது 60 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 20957 தரநிலை சொல்லும் அளவு அது. தடுமாறி விழுந்தால் மேசை முனையில் தலை இடிக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

தரை சமமாக இருக்கட்டும். அடியில் ரப்பர் மேட் போடுவது நல்லது. வழுக்காது, தரையில் கீறல் விழாது, கீழ் வீட்டுக்குச் சத்தம் போகாது. ஆனால் அமுக்கினால் பள்ளம் விழும் மெத்தை மாதிரியான பஞ்சு மேட் வேண்டாம். அதன் மேல் எந்த சைக்கிளும் ஆடத்தான் செய்யும்.

அப்படியே சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளையும் ஒரு முறை படித்துவிடுங்கள். அதிகபட்சம் எத்தனை கிலோ எடையுள்ளவர் ஏறலாம் என்று அதில் இருக்கும். ஓட்டப்போகிறவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால், பொருத்துவதற்கு முன்பே மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். 'எச்' என்ற எழுத்து இருந்தால் அது வீட்டு உபயோகத்துக்கான வகை என்று பொருள்.

பெட்டியைப் பிரித்தல்

சாதாரண வகையே பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஸ்பின் பைக் 40 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அதனால் இரண்டு பேர் வேண்டும். சட்டத்தைத் தூக்கும்போது இரும்புக் குழாயைப் பிடியுங்கள். பிளாஸ்டிக் மூடியையோ, க்ராங்கையோ (பெடல் மாட்டும் உலோகக் கை), சக்கரத்தையோ பிடித்துத் தூக்கக் கூடாது. சக்கரம் சுழன்று விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தரையில் விரித்து அதன் மேல் எல்லாவற்றையும் பரப்புங்கள்.

"ரெண்டு போல்ட் குறையுது" என்று கடைக்குப் போன் போடுவதற்கு முன் சட்டத்தை நன்றாகப் பாருங்கள். பல கம்பெனிகள் சில போல்ட், நட்டு, வாஷர்களைத் தனியாகப் போடாமல் அவை சேரவேண்டிய ஓட்டையிலேயே திருகி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்றி, பாகத்தைச் சேர்த்து, மறுபடி போட வேண்டும். வீட்டுக்கு நான் போய் 'கண்டுபிடித்துக் கொடுத்த' போல்ட்களில் முக்கால்வாசி இப்படித்தான் கண்ணெதிரே இருந்தவை.

பெட்டியோடு வரும் ஆலன் கீயும் தகட்டு ஸ்பேனரும் வேலைக்குப் போதும். ஆனால் நீளமான பிடியுள்ள 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்றைத் தனியாக வாங்கிவைத்துக்கொண்டால் பெடல் வேலை சுலபமாகும். கொஞ்சம் கிரீசும் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களும் கம்பமும்

முன்னாலும் பின்னாலும் குறுக்கே வரும் இரண்டு குழாய்கள்தான் சைக்கிளின் கால்கள். சின்ன உருளைச் சக்கரம் உள்ளது பெரும்பாலான மாடல்களில் முன்னால் வரும், உயரத்தைச் சரிசெய்யும் திருகோ மூடியோ உள்ளது பின்னால். குழாய் உருண்டையாக இருப்பதால் அதற்கு வளைந்த வாஷர் கொடுத்திருப்பார்கள். வளைவின் குழிந்த பக்கம் குழாயைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் வாஷரின் நடுப்பகுதி மட்டும் குழாயில் பட்டு நிற்கும், ஒரு வாரம் ஓட்டியதும் போல்ட் தளர்ந்துவிடும்.

இரண்டு காலையும் போட்டு, எல்லாப் போல்ட்களையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். அப்புறம் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஸ்பேனரால் இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடுத்த ஓட்டை சேராது. சேராத இடத்தில் போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும். மரை போன சட்டத்தைச் சரிசெய்வது என் தொழிலில் எனக்கே பிடிக்காத வேலை.

ஹேண்டில்பார் கம்பத்தை ஏற்றும்போது உள்ளே போகும் வயரைக் கவனியுங்கள். கீழ்ச் சட்டத்திலிருந்து ஒரு சென்சார் வயர் வரும், கம்பத்துக்குள்ளிருந்து ஒன்று வரும். இரண்டையும் இணைத்த பிறகே கம்பத்தை இறக்க வேண்டும். இறக்கும்போது ஒருவர் கம்பத்தைப் பிடிக்க, மற்றவர் வயரை மேலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கட்டும். நடுவில் வயர் நசுங்கினால் திரையில் எதுவுமே வராது, அல்லது வேகம் பூஜ்யத்திலேயே நிற்கும். பலர் திரை கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள், கம்பத்தைக் கழற்றினால் நசுங்கிய வயர்தான் இருக்கும். இறுக்கத்தை, அதாவது மிதிப்பது எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை, கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் குமிழ் உள்ள மாடலில் இன்னொரு கம்பி வடமும் வரும். அதைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் குமிழைக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தால் வடம் தளர்ந்து எளிதில் மாட்டும்.

பெடல்

இந்த ஒரு வேலைக்கு மட்டும் டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

இடது பெடலின் மரை எதிர்த்திசை மரை. வலதுபக்கம் கடிகார முள் திசையில் இறுகும், இடதுபக்கம் அதற்கு நேர் எதிராக இறுகும். இதில் வீம்பு எதுவும் இல்லை. நாம் மிதிக்க மிதிக்க, க்ராங்கின் ஓட்டைக்குள் பெடல் அச்சு மிக நுட்பமாக உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சாதாரண மரையாக இருந்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டத் தானாகவே கழன்றுவிடும். எதிர்மரை வைப்பதால் அந்த உருளல் கழற்றும் வேலையைச் செய்வதில்லை. தெருவில் ஓடும் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான்.

பெடல் அச்சின் முனையிலோ மரைக்குப் பக்கத்திலோ 'எல்', 'ஆர்' என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எல் இடது, ஆர் வலது. எது இடது என்பது சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பார்ப்பவரின் கணக்கு. சைக்கிளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் இங்கேதான் மாற்றிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் எழுந்து சீட்டுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள்.

மரையில் ஒரு துளி கிரீஸ் தடவி, பெடலை க்ராங்குக்கு நேராகப் பிடித்து, விரலால் மட்டும் திருகுங்கள். ஸ்பேனரைத் தொடாமல் மூன்று நான்கு சுற்று லேசாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் பெடல் கோணலாக நுழைகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து, முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் முனைகள் சந்திக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்து இறுக்கும் திசையில் திருகினால் நேராகப் போகும். பெடல் அச்சு கெட்டியான இரும்பு, க்ராங்க் பெரும்பாலும் அதைவிட மென்மையான உலோகம். வலுக்கட்டாயமாகத் திருகினால் தோற்பது எப்போதும் க்ராங்க்தான், க்ராங்க்தான் விலை கூடியதும்.

இறுக்கும் திசை குழப்பினால் இதை மனதில் வையுங்கள்: ஸ்பேனரின் பிடி மேலே பார்த்திருக்கும்போது ஹேண்டில்பார் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே இறுகும். எவ்வளவு இறுக்குவது? கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் 35 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 30 செ.மீ. பிடியின் நுனியில் சுமார் 12 கிலோ அழுத்தம். பெட்டியோடு வரும் ஸ்பேனர் அதில் பாதி நீளம் இருந்தால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் இறுக்கியதாக நினைத்துப் பாதியில் விடுவது இதனால்தான். முதல் இரண்டு மூன்று முறை ஓட்டியபின் மறுபடி ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், கால் சுற்றாவது உள்ளே போகும்.

சீட்

சீட் தண்டில் ஒரு கோடு அல்லது 'மேக்ஸ்' என்ற குறி இருக்கும். அந்தக் குறி வெளியே தெரியும்படி தண்டை உயர்த்தவே கூடாது. உள்ளே இருக்கும் நீளம் குறைந்தால் தண்டு வளையும், சில நேரம் சட்டத்தின் வாயே கிழியும். குமிழைத் தளர்த்தி, இழுத்து, தண்டை நகர்த்தி விட்டதும் ஊசி ஓட்டைக்குள் விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் சீட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, அப்புறம் குமிழை முடுக்குங்கள். ஊசி இரண்டு ஓட்டைக்கு நடுவில் நின்று, உட்கார்ந்ததும் சீட் சடாரென்று இறங்குவது நான் அடிக்கடி கேட்கும் கதை.

உயரத்துக்கு ஒரு எளிய சோதனை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் மிகக் கீழே இருக்கும்போது கால் முழுதாக நீண்டு, முட்டி நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் அதே இடத்தில் முட்டி தானாக லேசாக மடங்கும். 25 முதல் 35 டிகிரி மடக்கம் என்பது வழக்கமான கணக்கு. இடுப்புக்கு நேராக சீட்டை வைத்தால் போதும் என்று கடைகளில் சொல்வதுண்டு. அது தொடக்கத்துக்கு உதவும், முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும்.

வலி எங்கே என்று கேட்டாலே சீட் எப்படி இருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது இறுக்கத்தைக் கூட்டிவைத்து மெதுவாக மிதிப்பார்கள். பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம். பின்னாலிருந்து பார்க்கும்போது இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாலும் உயரம்தான் காரணம். சீட் முன்னும் பின்னும் நகரும் மாடலாக இருந்தால், இரண்டு க்ராங்கும் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்காலின் முட்டி பெடல் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே வரும்படி வையுங்கள். ஹேண்டில்பார் சீட் அளவுக்கு அல்லது அதைவிடச் சற்று உயரமாக இருந்தால் முதுகுக்குச் சுகம்.

சீட் மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடையிடுக்கு மரத்துப்போகும். மட்டமாக வையுங்கள். மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம், நிறுத்தி இறங்கி நில்லுங்கள். வீட்டில் பலர் ஓட்டுவதாக இருந்தால், தண்டில் உள்ள எண்ணை அவரவர் பெயரோடு சுவரில் ஒட்டிவைத்துவிடுங்கள். "யாரோ மாத்திட்டாங்க, இன்னைக்கு மட்டும் இப்படியே ஓட்டிடறேன்" என்பதில்தான் முட்டி வலி ஆரம்பிக்கிறது.

ஏறுவதற்கு முன்

இறுக்கத்தைக் கூட்டி வைத்து, ஏறும் பக்கத்துப் பெடலைக் கீழே கொண்டுவந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். காலில் ஷூ இருக்கட்டும், நாடாவை உள்ளே செருகுங்கள். தளர்ந்து தொங்கும் உடை வேண்டாம்.

ஸ்பின் பைக் வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த வகையில் பெரும்பாலானவற்றில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் கனமான சக்கரம் நிற்காது, உங்கள் காலைச் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். ஓடும்போது காலை எடுத்துவிட்டால் திரும்பி வரும் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். அந்தக் காயத்தைப் பார்த்தவன் சொல்கிறேன், லேசாக இருக்காது. நிறுத்த இரண்டே வழி. மெதுவாக வேகத்தைக் குறைத்து நிறுத்துவது, அல்லது இறுக்கக் குமிழை அப்படியே கீழே அழுத்துவது. அதுதான் அவசர பிரேக். முதல் நாள் சைக்கிளில் ஏறாமலே பக்கத்தில் நின்று, சக்கரத்தைச் சுற்றவிட்டு, குமிழை அழுத்தி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஏறாதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் எனக்கு உண்மையான பயம் இதில்தான். ஒரு பிள்ளை பெடலைச் சுற்ற, இன்னொரு பிள்ளை சக்கரத்துக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே விரலை நீட்டும். சக்கரம் முழுதும் மூடிய மாடல் என்றால் ஆபத்து குறைவு, திறந்த சக்கரமோ விசிறி வகையோ என்றால் அறைக் கதவைப் பூட்டும் பழக்கம் வேண்டும். இறங்கியதும் இறுக்கத்தை உச்சத்துக்குத் திருப்பி வைப்பதும் உதவும், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

எழுந்து நின்று மிதிப்பது கனமான ஸ்பின் பைக்குக்கு ஆனது. லேசான சாதாரண வகையில் வேண்டாம், கவிழும்.

திரை சொல்வதில் எதை நம்பலாம்

உள்ளே ஒரு சின்னக் காந்தம் சுற்றிவரும், அது சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை நம்பலாம். கி.மீ. வேகம் அதிலிருந்து கற்பித்துக் கொடுப்பது. நின்ற இடத்தில் ஓடும் சைக்கிளுக்கு வேகம் என்ன? கலோரி அதைவிடக் கற்பனை, பல திரைகள் உங்கள் எடையைக் கேட்பதே இல்லை. திரை வாட் காட்டினால் நீங்களே ஒரு கணக்குப் போடலாம். 100 வாட்டில் அரை மணி நேரம் என்றால் 180 கிலோ ஜூல் வேலை. உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும், ஒரு கிலோ கலோரி என்பது 4.184 கிலோ ஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால், விடை சுமார் 180 கிலோ கலோரி. அதே உழைப்புக்குத் திரை 400 என்று காட்டினால் சிரித்துவிட்டு இறங்குங்கள்.

கைப்பிடியில் உள்ள நாடித் தகடும் வியர்வையிலும் அசைவிலும் தடுமாறும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 50 முதல் 70 சதவீதம் என்பது மிதமான உழைப்புக்கான பழைய கணக்கு. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, மருந்தே நாடியைத் தாழ்த்தி வைத்திருக்கும். அதைவிட எளிய வழி, ஓட்டிக்கொண்டே பேசிப் பாருங்கள். வாக்கியம் பேச முடிந்து பாட முடியாமல் இருந்தால் மிதமான உழைப்பு. சில சொற்களுக்கே மூச்சு வாங்கினால் கடுமை.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை முதல் வாரமே எட்டப் பார்க்க வேண்டியதில்லை. பத்து நிமிடம், நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்று, லேசான இறுக்கம். அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக ஓட்டுங்கள். கடைசி ஐந்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வேகமாக ஓட்டிச் சட்டென்று நிறுத்தினால் இரத்தம் கால்களில் தேங்கி, இறங்கும்போது தலை சுற்றும்.

நெஞ்சில் வலியோ அழுத்தமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். 'கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பார்க்கலாம்' என்று காத்திருக்காமல் மருத்துவ உதவிக்குப் போங்கள். இதய நோய் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் அப்படித்தான். உழைப்பில் சர்க்கரை கீழே இறங்கும், சில மணி நேரம் கழித்தும் இறங்கலாம்.

பராமரிப்பும் சத்தமும்

ஓட்டி முடித்ததும் ஒரு துணியால் துடையுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. ஹேண்டில்பார் அடியிலும், சீட் குமிழைச் சுற்றியும், சக்கரத்தின் விளிம்பிலும்தான் முதலில் துரு பிடிக்கும். மாதம் ஒரு முறை எல்லாப் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். காந்த இறுக்க மாடலில் உரசும் பாகம் இல்லை, தேய்வும் இல்லை. பட்டைக் கட்டை உரசும் மாடலில் கட்டை தேயும், காய்ந்தால் கிறீச்சிடும். சிலிகான் எண்ணெய் போடலாமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் அதே கட்டைதான் பிரேக்கும்.

சத்தம் வந்தால் எங்கிருந்து என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரு காலால் மட்டும் மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மிதிக்கும்போது மட்டும் சுற்றுக்கு ஒரு 'டக்' வந்தால் அந்தப் பக்கத்துப் பெடலோ க்ராங்கோ தளர்ந்திருக்கிறது. சீட்டிலிருந்து பாரத்தை எடுத்ததும் சத்தம் நின்றால் சீட் கவ்வியை இறுக்குங்கள். ஃப்ரீவீல் உள்ள மாடலில் பெடலை நிறுத்தியும் சக்கரத்தோடு சத்தம் தொடர்ந்தால் பேரிங்கோ பெல்ட்டோ. அது மூடியைக் கழற்றத் தெரிந்தவர் பார்க்க வேண்டியது.

க்ராங்கைக் கையால் பிடித்து வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஆட்டினால் ஆடுகிறதா? க்ராங்கின் நடுவில் உள்ள சின்ன மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நட்டையோ போல்ட்டையோ அன்றைக்கே இறுக்குங்கள். தளர்ந்த க்ராங்கோடு ஓட்டினால் அதன் சதுர ஓட்டை வட்டமாகிவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. மரை போன க்ராங்கில் பசை ஊற்றிப் பெடலை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். க்ராங்க் தனியாகவே கிடைக்கும், மாடல் எண்ணைச் சொல்லி இடதா வலதா என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.